சிறிய மலை மருத்துவமனைக்கு எந்தத் தொழில்நுட்பம் முதலில்? செவிலியர் பணியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

நீலகிரியின் சிறிய மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியர் கண்காணிப்பாளர்களும், அவற்றை நடத்தும் அறக்கட்டளைகளின் நிர்வாகிகளும் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய செலவுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. அதைக் கொண்டு நோயாளிப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவதா, படுக்கையோரத் தொடர் கண்காணிப்புக் கருவிகளை வாங்குவதா, தொலைமருத்துவ இணைப்பை ஏற்படுத்துவதா, மருந்து வழங்கலில் பார்கோடு முறையைக் கொண்டுவருவதா? விற்பனைக்கு வருபவர்கள் நான்கையும் பரிந்துரைக்கிறார்கள். நான்கையும் வாங்க முடியாத இடத்தில் எதை முதலில் வாங்குவது என்பதைத் தீர்மானிப்பதற்கான ஓர் ஒப்பீடு இது.

இருபது, முப்பது படுக்கைகள், இரவில் வார்டுக்கு ஒரே செவிலியர், அழைத்தால் வரக்கூடிய மருத்துவர் ஒருவர் என்ற அளவிலான மருத்துவமனையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உதகையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய நிறுவனங்களுக்கான கணக்கு வேறு.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் செவிலியரின் நேரம். கருவி வந்த பிறகு செவிலியர் நோயாளியின் அருகில் நிற்கும் நேரம் கூடுகிறதா, குறைகிறதா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும். செய்துகாட்டும் நாளில் நிறுவனத்தின் ஆள் பக்கத்திலேயே நிற்பதால் எல்லாம் விரைவாக நடக்கும். ஒரே ஆள் ட்ரிப்ஸ் மாற்றி, ஊசி போட்டு, உறவினருக்குப் பதில் சொல்லி, இடையில் திரையையும் தொட வேண்டிய இரவு இரண்டு மணிக்கு அது எப்படி நடக்கும் என்பதே கணக்கு.

இரண்டாவது, கருவி நின்றுபோகும் நாள். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கப்படும் மாவட்டம் இது. ஆனாலும் காற்றும் மழையும் சேர்ந்து ஒரு சீகை மரத்தைக் கம்பிமேல் சாய்த்துவிட்டால் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் மின்சாரம் இருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. மழை பதிவானதும், மாவட்டத்தின் பல சாலைகள் துண்டிக்கப்பட்டதும் நினைவிருக்கும். மின்சாரம், கைப்பேசி அலைவரிசை, சாலை ஆகிய மூன்றும் ஒரே நாளில் போகக்கூடிய இடத்தில், கருவி இல்லாமல் வேலையைத் தொடரும் வழி என்ன என்பதற்கு எழுத்து வடிவில் பதில் வேண்டும்.

மூன்றாவது, எண்களின் பொருத்தம். கருவிகளோடு வரும் எல்லை மதிப்புகள் பெரும்பாலும் சமவெளி மருத்துவமனைகளை எண்ணி அமைக்கப்பட்டவை. மலையின் உயரத்துக்கும் குளிருக்கும் இங்குள்ள மக்களின் நோய்களுக்கும் அவை பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். நான்கு தேர்வுகளையும் பற்றிய என் கருத்து பெரும்பாலும் இந்த அளவுகோலிலிருந்தே வருகிறது. செவிலியர் தம் கண்ணாலும் கையாலும் சரிபார்க்கக்கூடிய கருவி பயன் தரும். சரிபார்க்க இயலாத கருவி, எத்தனை நுட்பமானதாக இருந்தாலும், ஆபத்தை உள்ளே கொண்டுவரும்.

நான்காவது, பொறுப்பும் அந்தரங்கமும். தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது, நோயாளியின் தகவல் யார் கைக்கெல்லாம் போகிறது என்பவை இதில் அடங்கும். ஐந்தாவது, ஐந்தாண்டுக்கான முழுச் செலவு. வாங்கும் விலையில் பராமரிப்பு ஒப்பந்தம், உணரிகள், பேட்டரி, மென்பொருளின் ஆண்டுக் கட்டணம், கோயம்புத்தூரிலிருந்து பொறியாளர் மலையேறி வருவதற்கான செலவும் காத்திருப்பும் ஆகியவை சேர்வதில்லை. விலைப்புள்ளி கேட்கும்போதே இவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

## மின்னணுப் பதிவேடு

இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. கையெழுத்துப் புரியாமல் மருந்தின் அளவு மாறிப்போவது குறைகிறது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் ஓராண்டு அளவீடுகளை ஒரே பார்வையில் காண முடிகிறது. கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டிய நோயாளியின் விவரம் சில நிமிடங்களில் அச்சாகிக் கையில் கிடைக்கிறது. பணி மாற்றத்தின்போது எதைச் சொல்ல மறந்தோம் என்ற கவலையும் குறைகிறது.

ஆபத்துகள் இரண்டு வகை. முதலாவது, அன்றாடம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. கணினி வார்டின் ஒரு மூலையில் மேசைமேல் இருந்தால், செவிலியர் அளவீடுகளைத் துண்டுத்தாளிலோ உள்ளங்கையிலோ குறித்துக்கொண்டு, பணி முடியும் நேரத்தில் மொத்தமாக ஏற்றுவார். காலை நான்கு மணிக்கு எடுத்த இரத்த அழுத்தம் பதிவேட்டில் ஆறரை மணி என்று நிற்கும். நோயாளியின் நிலை எப்போது சரியத் தொடங்கியது என்பதைப் பின்னர் தேடும் மருத்துவரை அந்த நேரக்குறிப்பு தவறான திசையில் அழைத்துச் செல்லும். முந்தைய நாள் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் வசதியும் இதே வகையைச் சேர்ந்தது. குணமாகிவிட்ட புண் பதிவேட்டில் மட்டும் ஆறாமலே இருக்கும். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் கணினிவழி மருந்தாணை முறையை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, அந்த முறையே இடம்கொடுத்த 22 வகை மருந்துப் பிழை வாய்ப்புகளைப் பட்டியலிட்டது. கையெழுத்துப் பிழை நீங்கிய இடத்தில், திரையில் அடுத்த வரியிலுள்ள நோயாளியைத் தொட்டுவிடும் பிழை வந்து உட்காருகிறது.

இரண்டாவது, ஒரே நாளில் எல்லாம் நின்றுபோவது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அங்கு வேலை கையெழுத்திலேயே நடந்தது. அத்தனை ஆள்பலம் உள்ள நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், அச்சிட்ட படிவங்கள் ஒரு கட்டுகூட இருப்பில் இல்லாத சிறிய மருத்துவமனையின் நிலையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது இரட்டைப் பதிவு. கர்ப்பிணிகளின் விவரங்களை அரசின் பிக்மி தளத்தில் ஏற்றியாக வேண்டும். தொற்றாநோய்க் கணக்கு வேறொரு தளத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனையின் சொந்த மென்பொருள் இவற்றோடு பேசாவிட்டால், ஒரே பெண்ணின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் செவிலியர் மூன்று இடங்களில் எழுதுவார். அடுத்தது, ஆள் மாற்றம். பயிற்சி பெற்ற இளம் செவிலியர்கள் ஓரிரு ஆண்டுகளில் கோயம்புத்தூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவது இங்கு இயல்பு. ஒவ்வொரு புதியவருக்கும் முதலிலிருந்து பயிற்சி தர வேண்டும். நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால் பழைய பதிவுகள் படிக்கக்கூடிய வடிவில் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கையொப்பமிடும் முன் கேட்டுவிட வேண்டும்.

பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவு வசதியும் இப்போது இதோடு சேர்த்து விற்கப்படுகிறது. படுக மொழி பேசும் முதியவரும் பணியர் மொழி பேசும் தாயும் தங்கள் வலியைச் சொல்லும் விதத்தை அது எப்படி எழுதுகிறது என்று ஒரு முழு நாள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். தெரியாத சொல்லுக்குத் தெரிந்த சொல்லை வைத்து நிரப்பும் கருவி, மருத்துவக் குறிப்பு எழுதத் தகுதியானதல்ல.

நாள்பட்ட நோயாளிகள் பெருமளவில் வரும் புறநோயாளிப் பிரிவும், கணினியைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆளும் இருக்கும் மருத்துவமனைக்கு இது நல்ல தேர்வு. உள்நோயாளிப் பிரிவை அதன் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

## தொடர் கண்காணிப்புக் கருவிகளும் எச்சரிக்கை மதிப்பெண்களும்

இதயத் துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் செறிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை இடைவிடாமல் காட்டி, எல்லை மீறினால் ஒலியெழுப்பும் கருவிகள் இவை. ஒரே செவிலியர் உள்ள இரவு வார்டில் இவற்றின் மதிப்பு மிகப் பெரியது. அறுவை முடிந்து வந்தவர், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு இருக்கக்கூடியவர், மூச்சுத்திணறலோடு வந்த முதியவர் ஆகியோரின் நிலை சரிவதை அரை மணி முன்னால் அறிந்தால், மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்துசேர வேண்டிய நேரத்தில் அந்த அரை மணி உயிரைக் காக்கும்.

ஆனால் எண்களின் பொருத்தம் என்ற அளவுகோல் இங்கேதான் மிகக் கடுமையாக வேலை செய்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டரிலும், கூடலூர் சுமார் 1,000 மீட்டரிலும் இருக்கின்றன. உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப் போல நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே அதிகம். நலமாக இருப்பவருக்கே விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 94, 95 சதவீதம் என்று காட்டுவது அங்கு வியப்பில்லை. இங்கிலாந்தின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய நியூஸ் என்னும் எச்சரிக்கை மதிப்பெண் முறை பல கண்காணிப்புக் கருவிகளில் உள்ளடங்கி வருகிறது. மதிப்பெண் கூடக் கூட நிலை மோசம் என்று பொருள். அதில் ஆக்சிஜன் செறிவு 96 அல்லது அதற்கு மேல் இருந்தால் மதிப்பெண் இல்லை. 94, 95 என்றால் ஒன்று. 92, 93 என்றால் இரண்டு. 91 அல்லது அதற்குக் கீழ் என்றால் மூன்று. அந்த முறையை அப்படியே உதகையில் இயக்கினால், காய்ச்சலோ மூச்சிரைப்போ இல்லாதவரும் உயரத்தின் காரணமாக மட்டுமே ஒரு மதிப்பெண்ணோடு தொடங்குவார். அதே கருவி கூடலூரில் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரே மாவட்டத்தில் ஓர் எல்லை மதிப்பை எல்லா இடத்துக்கும் வைக்க முடியாது என்பதை வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எல்லையைக் குறைத்து வைத்துவிட்டால் போதும் என்றும் எண்ணக் கூடாது. 92 காட்டும் நோயாளி உண்மையாகவே நிமோனியாவோடு இருக்கலாம். மருத்துவமனையின் பணியாளர்கள், நலமாக இருக்கும் உடன்வந்தோர் ஆகியோரிடம் அளவெடுத்து, அந்த உயரத்துக்கான இயல்பு நிலையை முதலில் எழுதி வைத்துக்கொள்வதும், ஒரு தனி எண்ணைவிட அது மாறிவரும் திசையைப் பார்ப்பதும், மூச்சை ஒரு முழு நிமிடம் கண்ணால் எண்ணுவதும் செவிலியரின் வேலையாகவே இருக்க வேண்டும்.

ஜனவரி மாத இரவில் உதகை வார்டில் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். மூதாட்டி ஒருவரின் விரலில் மாட்டிய கருவி 84 காட்டிக் கத்துகிறது. செவிலியர் வந்ததும் திரையிலுள்ள அலைவடிவத்தைப் பார்க்கிறார்; கோடு தட்டையாக நடுங்குகிறது. விரலைத் தொட்டால் பனிக்கட்டி போல் குளிர்ந்திருக்கிறது. "பாட்டி, கையைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கித் தம் இரு கைகளுக்குள் வைத்துத் தேய்த்து, கம்பளிக்குள் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் மாட்டுகிறார். அலை ஏறி இறங்கி ஒழுங்காக வருகிறது; எண் 93இல் நிற்கிறது. இதற்குள் மூச்சையும் எண்ணிவிட்டார். அந்த 84ஐப் பார்த்த உடனே ஆக்சிஜன் வைத்துவிட்டுப் போயிருந்தாலும், வழக்கமான பொய் ஒலி என்று அதை அணைத்துவிட்டுப் போயிருந்தாலும் இரண்டுமே பிழை.

கருவி நல்ல எண்ணைக் காட்டியே ஏமாற்றும் நிலை இன்னும் கொடியது. குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவரை மயக்க நிலையில் கொண்டுவருவார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை, ஆக்சிஜன் ஏறிய இரத்தம் என்றே சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் படிக்கும். திரையில் 97, 98 என்று இருக்கும். சுற்றியிருப்பவர்களிடம் "அறையில் அடுப்பு இருந்ததா, ஜன்னல் மூடியிருந்ததா" என்று கேட்பவர்தான் அந்த நோயைக் கண்டுபிடிக்கிறார். தோலின் நிறமும் அளவீட்டைப் பாதிக்கிறது. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையான செறிவு 88க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையர்களிடம் 3.6 சதவீதமாகவும், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதமாகவும் இருந்தன. கருமை நிறம் கொண்டோர் மிகுந்த நம் வார்டுகளில் இதை மறக்கக் கூடாது.

இந்தியாவில் சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் செல் என்னும் பரம்பரை இரத்த நோயின் மரபணு முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. அந்த நோயாளிகளுக்கும் விரல் கருவியின் அளவீடு எப்போதும் நம்பகமானதல்ல. வலியின் கடுமையும் காய்ச்சலும் மூச்சின் வேகமும் சொல்வதை எண் மறுக்குமானால், நோயாளியின் உடலையே நம்ப வேண்டும்.

ஒலிச் சோர்வு அடுத்த ஆபத்து. அமெரிக்காவின் மருத்துவமனைத் தர அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013இல் விடுத்த எச்சரிக்கையில், எச்சரிக்கை ஒலிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை சிகிச்சை நடவடிக்கை எதுவும் தேவைப்படாதவை என்ற மதிப்பீட்டைக் குறிப்பிட்டது. பத்து முறை வீணாக ஓடிய கால் பதினோராவது முறை தயங்கும். இது அந்தச் செவிலியரின் அலட்சியத்தால் வருவதன்று. எல்லைகளை நோயாளிக்கேற்ப மாற்றித் தராமல் கருவியை மாட்டிவிட்டுப் போன நிர்வாகத்தின் குறை.

செப்சிஸ் எனப்படும் நச்சுத்தொற்றை முன்கூட்டியே கணிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்பாட்டில் இருந்த அத்தகைய மென்பொருள் ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பரிசோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டதாகக் காட்டியது. அது உருவான நாட்டிலேயே இந்த நிலை. நம் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த விவரத்தைக் காட்டும்வரை, அதற்காகத் தனிக் கட்டணம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

செலவில் மறைந்திருப்பவை உணரிக் கம்பிகள். கருவி பல ஆண்டுகள் உழைக்கும்; விரலில் மாட்டும் உணரியும் ஈசிஜி கம்பியும் அப்படி உழைப்பதில்லை. கைக்குழந்தைகளுக்கான சிறிய உணரியும் வெவ்வேறு அளவுள்ள பி.பி. பட்டைகளும் தனியாக வாங்க வேண்டியவை. மெலிந்த கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் இரத்த அழுத்தம் குறைவாகக் காட்டும்.

எல்லாப் படுக்கைகளுக்கும் கண்காணிப்புக் கருவி என்பது சிறிய மருத்துவமனைக்குத் தேவையற்றது. செவிலியரின் மேசையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் மூன்று, நான்கு படுக்கைகளுக்கு மட்டும் வாங்கி, நிலை மோசமானவர்களை அங்கே மாற்றுவது போதும். மற்றவர்களுக்கு மதிப்பெண் அட்டையைத் தாளில் அச்சிட்டுக் கையால் நிரப்பலாம். அதற்குச் செலவு தாள் மட்டும்தான்.

## தொலைமருத்துவ இணைப்பு

துணை சுகாதார நிலையத்திலோ தோட்ட டிஸ்பென்சரியிலோ இருக்கும் செவிலியர், நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைவிலுள்ள மருத்துவரிடம் பேசும் முறை இது. அரசின் இ-சஞ்சீவனி இதே அமைப்பில் இயங்குகிறது. பந்தலூர்ப் பகுதியிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து மாறி உதகைக்கு வந்து, தோல் மருத்துவரை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணத்தை இது மிச்சப்படுத்துகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுசேர்க்கிறது. மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்போது மருத்துவரின் குரலும் அங்கே கிடைத்தால் அந்தச் சுற்று முழுமையடையும்.

நான்கு தேர்வுகளிலும் செவிலியரின் திறனை வளர்ப்பது இதுதான் என்பது என் கருத்து. மருத்துவர் திரையில் புண்ணைப் பார்க்கிறார். ஆனால் அதன் ஓரம் சூடாக இருக்கிறதா, அழுத்தினால் குழி விழுகிறதா, வாடை வருகிறதா என்பதைச் செவிலியரிடம்தான் கேட்க வேண்டும். அலைவரிசை ஜன்னலோரத்தில் மட்டுமே கிடைப்பதால் கைப்பேசியை அங்கே சாய்த்து வைத்து, நோயாளியின் நாற்காலியையும் இழுத்துப் போட்டு, "இடது கால் வீக்கம், பாதத்தில் நாடித்துடிப்பு தெரிகிறது" என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் செவிலியர், உடல் பரிசோதனையை நாளுக்கு நாள் கூர்மையாகக் கற்றுக்கொள்கிறார்.

அந்தத் திறனே ஆபத்தின் இடமும் ஆகிறது. தவறான அளவீட்டைச் சொன்னால் தவறான மருந்து வரும். குளுக்கோமீட்டரை எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகைப் பட்டைகள், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும்போது சர்க்கரையைக் கூட்டிக் காட்டக்கூடும். இரத்தசோகை இருந்தாலும் அதே நிலைதான். உயரமும் இரத்தசோகையும் சேர்ந்திருக்கும் மலைக் கிராமத்தில், கூட்டிக் காட்டிய எண்ணை நம்பி இன்சுலினை ஏற்றினால் இரவில் சர்க்கரை தாழ்ந்துபோகும். ஆக்சிஜனால் பாதிக்கப்படாத டிஹைட்ரோஜினேஸ் வகைப் பட்டைகளைக் கேட்டு வாங்குவதும், அவற்றைக் குளிரில் விறைக்க விடாமல் வைப்பதும் தொலைமருத்துவச் செலவின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

சட்ட நிலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், நோயாளி தாமே அழைக்காமல் சுகாதாரப் பணியாளர் அழைப்பைத் தொடங்கும்போது நோயாளியின் வெளிப்படையான சம்மதத்தைப் பெற்றுப் பதிவுசெய்யக் கோருகின்றன. நேரில் பார்க்க வேண்டுமா என்பதை முடிவுசெய்பவர் மருத்துவர்; கண்டதையும் அளந்ததையும் சரியாகச் சொல்லும் பொறுப்பு செவிலியருடையது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளை இவ்வழியில் எழுத முடியாது. ஆகவே வீட்டில் வலியோடு படுத்திருக்கும் புற்றுநோயாளியின் மார்பினுக்கு நேரடி வருகையைத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். வலிநிவாரணப் பராமரிப்பை முன்வைத்துத் தொலைமருத்துவத்துக்குப் பணம் ஒதுக்குவோர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தரங்கத்தின் ஆபத்து சிறிய ஊரில் பெரியது. ஹட்டி என்னும் படுகர் ஊரிலோ பாடி என்னும் பழங்குடிக் குடியிருப்பிலோ எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். புண்ணின் படத்தையும் இரத்தப் பரிசோதனை முடிவையும் செவிலியர் தம் சொந்தக் கைப்பேசியின் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒரு பெண்ணுக்கு அரிவாள் செல் மரபணு இருப்பது வெளியே கசிந்தால் அது அவளுடைய திருமணப் பேச்சையே நிறுத்திவிடும். 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஒருபுறம் இருக்க, மருத்துவமனைக்குச் சொந்தமான, பூட்டுள்ள ஒரு கைப்பேசியை இதற்கென்றே ஒதுக்குவது முதல் வேலை.

செலவில் இது மிகக் குறைவானது. நேரச் செலவுதான் மறைந்திருக்கிறது. மறுமுனையில் மருத்துவர் கிடைக்கும் நேரம் எழுத்தில் உறுதியாகாவிட்டால், நோயாளியும் செவிலியரும் சேர்ந்து காத்திருப்பார்கள். வீட்டுப் பார்வைக்குப் போக வேண்டிய முற்பகல் அதிலேயே கரையும்.

## பார்கோடு வழி மருந்து வழங்கல்

நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தின் பார்கோட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் இம்முறை, பெரிய மருத்துவமனையில் நல்ல பலன் தந்திருக்கிறது. 2010இல் வெளியான பாஸ்டன் மருத்துவமனை ஆய்வில், நேரம் தவறியவை நீங்கலான மருந்து வழங்கல் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் அங்கு ஒவ்வொரு மாத்திரையும் தனி உறையில், தனிப் பார்கோடோடு வருகிறது. இங்கே 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி மருந்துப் பெயர்களுக்குக் கியூஆர் குறியீடு கட்டாயமாகியிருந்தாலும், அட்டையிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு மாத்திரையில் அது இருக்கப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் சீட்டு அச்சிட்டு ஒட்டும் வேலை மருந்தகத்திலோ வார்டிலோ யாரோ ஒருவர் தலையில் விழும். அவசரத்தில் கைப்பட்டையின் நகலைக் கட்டில் கம்பியில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்வது போன்ற குறுக்குவழிகளை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன.

மருந்தாளுநர் முழுநேரமும் இருக்கும், படுக்கைகள் நூறைத் தாண்டும் மருத்துவமனைக்கு இது பொருந்தும். முப்பது படுக்கைக்கு, இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற ஆபத்து மிகுந்த மருந்துகளை மட்டும் இருவர் பார்த்துக் கையொப்பமிடும் வழக்கத்தை உறுதியாகக் கடைப்பிடிப்பது போதும். இரவில் இரண்டாவது செவிலியர் இல்லை என்றால் பக்கத்து வார்டிலிருந்து ஒருவரை அழைத்தாவது பார்க்கச் சொல்ல வேண்டும்.

## எந்த மருத்துவமனைக்கு எது முன்னால்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குச் செவிலியரை அனுப்பும் மருத்துவமனை, தொலைமருத்துவ இணைப்பையே முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அதோடு நல்ல குளுக்கோமீட்டரும் சரியான அளவுப் பி.பி. பட்டைகளும் சேரட்டும். உதகை, குன்னூர், கோத்தகிரி நகர்களில் அறுவையும் பிரசவமும் நடத்தி, இரவில் உள்நோயாளிகளை வைத்திருக்கும் மருத்துவமனைக்குச் சில படுக்கைகளுக்கான கண்காணிப்புக் கருவிகள்தான் முதல் தேவை. அவற்றின் எல்லை மதிப்புகளை மாற்றும் அதிகாரம் மருத்துவரும் செவிலியர் கண்காணிப்பாளரும் சேர்ந்த குழுவிடம் இருக்க வேண்டும். இரண்டுமில்லாமல் மாதாந்திர நோயாளிகளையே பெரும்பாலும் பார்க்கும் இடத்துக்குப் புறநோயாளிப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றுவது பயன் தரும்.

இன்வெர்ட்டர் பழுதாகி, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கும் பொறுப்பு யாருடையது என்பதே தெளிவாகாத இடத்தில் இவை எவற்றையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை மின்சாரத்துக்கும், இன்னொரு இரவுச் செவிலியரின் சம்பளத்துக்கும் செலவிடுவது நோயாளிக்கு அதிகம் உதவும். நிர்வாகக் கூட்டத்தில் கருவிக்குக் கைதூக்குவது போல ஒரு பணியிடத்துக்கு எளிதில் கைதூக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். அதற்காகவே செவிலியர் கண்காணிப்பாளர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன் ஒரு மாதச் சோதனைக் காலத்தைக் கேட்டுப் பெறுங்கள். வெயில் தெளிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களை நிறுவனம் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டாம். கூடலூர்ப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரிலும் அந்த மாதத்தை வையுங்கள். அதில் குறைந்தது ஓர் இரவாவது மின்சாரத்தையும் இணையத்தையும் வேண்டுமென்றே துண்டித்து, பணியிலிருக்கும் செவிலியர் தாளில் எழுதி வேலையைத் தொடர முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கருவியைத் திருப்பி அனுப்பும் உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும்.